பல் டாக்டரம்மாவின் படை

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க: இதுல நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லமாட்டேன், ஏன்னா என்ற ஊட்டுக்காரி விசயத்துல கூட்டிச் சொல்லறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னாலே கேக்கறவன் வாயைப் பொளந்துட்டு உக்காந்துக்குவான். நம்பாதவங்க காங்கயம் ரோட்டுல பஸ் ஏறி, கரட்டுப்பிரிவுல எறங்கி, பல் டாக்டரம்மா ஆருன்னு கேட்டுப் பாருங்க. கேட்ட ஆளு மூஞ்சி மலர்றதைப் பாத்துட்டு அப்பறம் எங்கிட்ட வந்து பேசுங்க. அந்த டாக்டரம்மாவைக் கட்டிக்கிட்டவன் நாந்தானுங்க, எண்ணெய் மில்லு கொளந்தைச்சாமி.

ரேணுகாதேவின்னா எங்கூர்ல எவன் வாயைத் தெறந்தாலும் அதுல ஒரு பல்லாச்சும் அவ கை பட்டதா இருக்கும். பஸ் ஸ்டாப்பை ஒட்டின காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கந்தான் அவ ஆஸ்பத்திரி. வாரம் பூராவும் பல்லு, ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா அவளுக்கு ஒரு விளையாட்டு, ஆஸ்டல்ல தங்கிப் படிக்கற காலத்துல பழகினது. பெரிய மேசை மேல மேடு, பள்ளம், வாய்க்கா, வேலியெல்லாம் பண்ணி வெச்சு, கட்டைவிரல் உசரச் சிப்பாய்களை ரெண்டு பக்கமும் வரிசை கட்டி, டேப்பு வெச்சு அளந்து அளந்து நகத்தி, பகடை உருட்டி, எவன் சுட்டான், எவன் செத்தான், எவன் பயந்து ஓடினான்னு தீர்மானிக்கற விளையாட்டு. கோயமுத்தூர்ல மில்லுக்காரங்க, கம்பெனிக்காரங்கன்னு ஒரு கூட்டமே இதை விளையாடுது, அதுல ஒரே பொம்பளை இவதான். பம்ப்செட் கம்பெனி வரதராஜுலு சாரை இவ தோக்கடிச்ச அன்னைக்கு அந்த மனுசன் காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாருன்னா பாத்துக்கங்க.

ஆனா இவளுக்குன்னு ஒரு படை கெடையாது. மத்தவங்க படையெல்லாம் சீமைல இருந்து பெட்டில வந்தது, இவ எரவல் வாங்கித்தான் விளையாடுவா. ஒருநாள் பொழுதோட ஊட்டுக்கு வந்தவ செருப்பைக்கூடக் கழட்டாம நின்னுட்டுச் சொன்னா: "மாமா, ரோமாபுரிக்காரன் விக்கறான், பிரெஞ்சுக்காரன் விக்கறான், சப்பான்காரன் விக்கறான், நம்ம பாளையப்பட்டுக்காரன் மட்டும் உலகத்துல எந்தக் கடையிலயும் இல்லை."

"இல்லாட்டி என்ன பண்ணறது?"

"செய்யச் சொல்லறது" அப்படின்னா.

சொன்னா சொன்னதுதான். கோயமுத்தூர்ல நகைக்கு மெழுகுல அச்சுச் செதுக்கற ஆரோக்கியராசுன்னு ஒருத்தரு, சிமிக்கி, பதக்கம், கல்லு வெச்ச மோதரம்னு கண்ணுக்குத் தெரியாத வேலையெல்லாம் பண்ணற கை. அவருகிட்டப் போயி, வேட்டியை எப்படி ஏத்திக் கட்டியிருக்கோணும், தலைப்பாகை எத்தனை சுத்து, ஈட்டி எவ்வளவு நீளம், துப்பாக்கித் திரி எந்தக் கையில, குதிரை எத்தனை, வண்டி எத்தனைன்னு வரைஞ்சு வெச்சு ஒப்படைச்சுட்டு வந்தா. மொதல்ல செஞ்சு வந்த வண்டிக்காளைக்குத் திமிலு சரியில்லைன்னு திருப்பி அனுப்பினா. ரெண்டாவதும் சரியில்லை. அப்பறம் அந்த மனுசனையே பஸ் ஏத்தி வரவெச்சு, எங்க கட்டுத்தரைல காளைக்குப் பக்கத்துல நிக்கவெச்சு, "தொட்டுப் பாருங்க, நல்லா அழுத்திப் பாருங்க"ன்னு சொல்லி, காளை ஒரு உதறு உதற, ஆரோக்கியராசு தண்ணித்தொட்டிக்குள்ள போய் உழுந்து எந்திரிச்சு, "இப்பத் தெரிஞ்சுதுங்க மேடம்"னாரு. அதுக்கப்பறம் வந்த காளை, அட சாமி, கட்டைவிரல் உசரத்துல நின்னுட்டு முட்ட வர்ற மாதிரியே இருந்துச்சு.

வாயில வந்துதானுங்க இவ தொழிலைக் காட்டினா. சிப்பாய்னா கத்தோணும், கத்தினா வாயி தெறக்கோணும், வாயி தெறந்தா பல்லு தெரியோணும், பல்லுன்னு வந்துட்டா பொய்ப் பல்லு வெக்கமாட்டேன்னுட்டா. அவ அலமாரில ஊரு வாயி பூராவும் மாவுல அச்செடுத்து அடுக்கி வெச்சிருக்கறா இல்லைங்களா, ஒவ்வொருத்தரையாக் கூப்புட்டு, "உங்க வாயைப் படைக்குத் தர்றீங்களா?"ன்னு கேட்டு, சரின்னவங்க தாடை அச்சையெல்லாம் பஞ்சு சுத்தி ஆரோக்கியராசுக்கு அனுப்பிவெச்சா. அவரு வாயில இருந்து ஆரம்பிச்சு மூஞ்சியைச் செதுக்கினாரு. "கட்டைவிரல் உசர ஆளுக்குப் பல்லு எங்க தெரியப்போவுது?"ன்னு கேட்டேன். "எனக்குத் தெரியும் மாமா"ன்னா. அப்பறம் நான் வாயே தெறக்கலை.

விசயம் பரவுச்சு, ஊரே கெளம்பிருச்சு. சொத்தைப் பல்லு இல்லாதவனெல்லாம் வலிக்குதுன்னு பொய் சொல்லி வந்து அச்சுக் குடுத்தான். பூக்காரி பாவாத்தாள், "ஏனுங்கம்மிணி, பொம்பளைச் சிப்பாயி உண்டுங்களா?"ன்னு வந்து நின்னா. அரிவாளோட ஒருத்தி உண்டுன்னு சொல்லி அவ வாயையும் எடுத்துக்கிட்டா. வார்டு மெம்பரு செல்லக்குட்டி, தன்னைத் தளபதியாப் போடோணும்னு மாலையோட வந்தாரு. இவ அவரு வாயை டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு, "உங்களுக்குக் கொம்பு ஊதறதுதான் சரியா இருக்கும், கன்னம் நல்லா உப்புது"ன்னு சொல்லிப்போட்டா. எனக்குக் கொடி. முன்பல்லுல தங்கம் கட்டியிருக்கறேன் பாருங்க, கொடி பிடிச்சு நிக்கற அந்தச் சிப்பாய்க்கும் ஊசிமுனை அளவுக்குத் தங்கப்பொட்டு வெச்சிருக்கறா. லென்சு வெச்சுப் பாத்துட்டு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க, வெக்கமென்ன, சொல்லறேன்.

வெள்ளீயத்துல வார்த்து, அரம் போட்டு, பெயிண்டடிச்ச மொத வரிசையைக் காயறதுக்காகக் காம்பவுண்டுச் சுவத்து மேல வெச்சா. மூணு மணி வெய்யிலு. ரோட்டை அகலப்படுத்தறேன்னு புளியமரத்தையெல்லாம் அறுத்துட்டுப் போனதுல இருந்து எங்க பஸ் ஸ்டாப்புல நிக்கறவன் அப்பளமாப் பொரிஞ்சுதான் பஸ் ஏறுவான். அன்னைக்கு அந்தக் கட்டைவிரல் உசரச் சிப்பாய்களோட நெழலு, முழு ஆளு உசரத்துக்கு, ஈட்டியும் தலைப்பாகையுமா, பஸ் ஸ்டாப்பு பூராவும் வரிசையா உழுந்துச்சு. பாவாத்தாள் நெழலைப் பாத்தா, சுவத்து மேல பாத்தா, கூடையை நகத்தி நெழலுக்குள்ள வெச்சா. "அம்மிணீ, இன்னும் ரெண்டு ஆளை இக்கட்டால, கூடைப்பக்கமா வையுங்க, மல்லி வாடுது"ன்னு சத்தம் போட்டா. ரேணுவும் இன்னும் ரெண்டு ஆளை அக்கட்ட இருந்து இக்கட்டால எடுத்து வெச்சா. இப்படித்தானுங்க அது எங்கூருக்கு வந்து சேந்துச்சு.

எதனாலன்னு ரொம்பப் பேரு மண்டையை ஒடைச்சுக்கலை. ஆரோக்கியராசு மட்டும் ஒரு காரணம் சொன்னாரு: உலோகம் ஆறும்போது சுருங்கும், அதுக்காக நகைக்காரங்க மெழுகைக் கொஞ்சம் பெருசாவே செதுக்குவாங்க, இதுல உருவம் சுருங்கிப்போச்சு, நெழலு சுருங்க மறந்துருச்சுன்னாரு. அவரு செஞ்ச மோதரத்துக்கெல்லாம் ஏன் அப்படி ஆகலைன்னு கேட்டா, "மோதரத்துக்கு ஏதுங்க வாயி?"ன்னாரு. எங்கூருக்கு அது போதுமா இருந்துச்சு.

அதுக்கப்பறம் படை சுவத்து மேலயே நின்னுச்சு, ஊரு அந்த நெழலுக்கு மொறைகட்ட ஆரம்பிச்சுது. அவனவன் வாயைக் குடுத்த சிப்பாயோட நெழல்ல அவனவன் உக்காரறதில்லை, அது அடுத்தவனுக்கு. ஒருத்தரு நெழல்ல உக்காரோணும்னா அவரு எதுக்க இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காரோணும். பங்குச் சண்டைல பேச்சுவார்த்தை இல்லாத அண்ணந்தம்பி ரெண்டு பேரு, தம்பி நெழல்ல உக்காரமாட்டேன்னு அண்ணன்காரன் வெய்யில்லயே நின்னு நின்னு, கடைசில ஒரு நாள் தலை சுத்தி அந்த நெழல்லயே போய் உழுந்தான், தம்பிதான் தண்ணி தெளிச்சு எழுப்பினான், அன்னைல இருந்து பேசிக்கறாங்க. கன்னம் உப்பிக் கொம்பு ஊதற மெம்பரு நெழலு நல்ல அகலம், புள்ளைத்தாச்சிகளுக்குன்னு அதை ஒதுக்கிப்போட்டாங்க, மனுசன் அதுல பூரிச்சுப் போயி அடுத்த எலெக்சன்ல அதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டாரு. வெளியூரு ஆளுக பஸ்ல இருந்து எட்டிப் பாத்து, "என்னங்க இது, ஆளே இல்லை, நெழலு நிக்குது?"ன்னு கேட்டா, "படைங்க"ன்னு சொல்லிப்போட்டு எங்காளுக பீடியைப் பத்தவெப்பாங்க.

அப்பறம் யானை கேட்டாங்க. ஒரு யானை செய்யச் சொன்னா ஆட்டோ ஸ்டாண்டுக்கே நெழலாச்சுன்னு ஊரே தெரண்டு வந்துச்சு. இவ முடியாதுன்னுட்டா. "இந்தக் கரட்டுப் பாளையத்துக்காரனுக்கு யானைக்குத் தீனி போட எங்க இருந்து வந்துச்சு? என்ற படையில இல்லாதது வராது"ன்னா. கெஞ்சினாங்க, மெரட்டினாங்க, மெம்பரு உண்ணாவிரதம் இருக்கறேன்னாரு. அசையலை. ஆனா வெடிமருந்து மூட்டை ஏத்தற கூண்டு வண்டி படைக்கு உண்டுதானேன்னு அவளே ரோசனை பண்ணி, கூண்டு வண்டி நாலஞ்சு கூடுதலாச் செய்யச் சொன்னா. ஆட்டோக்காரங்க வண்டி நெழல்ல வண்டியை நிறுத்திக்கிட்டாங்க. பொய்யும் சொல்லலை, ஊரையும் கைவிடலை, அவதானுங்க என்ற பொண்டாட்டி.

படை முழுசா முடிஞ்ச மாசந்தான் வெனை வந்துச்சு. பெங்களூர்ல நாடு பூராவும் இருக்கற விளையாட்டுக்காரங்க கூடற எடத்துல இவ படையைக் கொண்டாந்து விளையாடோணும்னு வரதராஜுலு சாரு சொன்னாரு. ஆனா ஒரு சண்டையாச்சும் போட்ட படையைத்தான் அங்க சேத்துவாங்களாம், அது அவங்க வழக்கம். அதுக்குத் தானே எதுக்க நின்னு சண்டை போடறேன்னும் சொன்னாரு. ஊருக்கு இது தெரிஞ்சதும் பாவாத்தாள்தான் மொதல்ல கேட்டா: "சண்டைன்னா சாவு உண்டுங்களே. செத்த சிப்பாயோட நெழலு என்னாவுறது?"

அன்னைக்கே ஆஸ்பத்திரி முன்னால கூட்டம் கூடிருச்சு. கத்திரி வெய்யிலு, நெழலு போச்சுன்னா போச்சு, வெளையாட்டுக்காக ஊரை வெய்யில்ல நிறுத்தறதான்னு மெம்பரு கேட்டாரு. சுவத்து மேலயே அப்படியே இருந்துட்டுப் போகட்டும், பூப்போட்டுக் கும்பிடறோம்னுகூடச் சொன்னாங்க. ரேணு கை ஒறையைக் கழட்டிட்டு வெளிய வந்தா.

"கும்பிடறதுக்கா செஞ்சேன்? கொலுவுல வெக்கறதுக்கா செஞ்சேன்? உங்க வாயை வெச்சுப் படை செஞ்சேன். சண்டை போடாத படை பொம்மை. நீங்கெல்லாம் பொம்மையா?"

"நெழலு போயிருச்சுன்னா என்னங்க பண்ணறது அம்மிணி?"

"போகாதுன்னு நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, திருட்டுத்தனமா எங்கயோ கொண்டுபோயி விளையாடமாட்டேன். இங்கயே, இந்த பஸ் ஸ்டாப்புலயே, உங்க கண்ணு முன்னால போடறேன். ஊசி போடறப்ப எங்கிட்ட வாயைத் தெறந்து நம்புனீங்கல்ல?"

கூட்டத்துல ஒவ்வொருத்தராத் தலையாட்டினாங்க. இது மட்டும் தப்பாப் போச்சுன்னா அவ பேரு எங்கூர்ல கெட்டுப்போகும், இத்தனை நாளு தூக்கிக் கொண்டாடின வாயெல்லாம் திருப்பிப் பேசும். ஆனாலும் அவ நின்ன நிலையைப் பாத்து நெஞ்சு நிமுந்துச்சு.

ஞாயித்துக்கெழமை மத்தியானச் சோறு உண்டுட்டு, எங்கூட்டுச் சாப்பாட்டு மேசையும் மில்லு ஆபீசு மேசையும் தூக்கியாந்து ஸ்டாப்புல சேத்துப் போட்டோம். வரதராஜுலு சாரு நீலக்கோட்டுப் பட்டாளத்தை எறக்கினாரு, அதுக நெழலு கட்டைவிரல் அளவுதான். இவ படையை எறக்கினதும் ஈட்டியும் கொடியும் கூண்டு வண்டியுமா ஸ்டாப்பு பூராவும் குளுந்துச்சு. மொதப் பகடையை உருட்டறதுக்கும் மேக்க இருந்து மேகம் ஏறறதுக்கும் சரியா இருந்துச்சுங்க. சூரியன் மறைஞ்சுபோச்சு. எந்த நெழலும் இல்லை, மனுசன் நெழலும் இல்லை, லைட்டுக் கம்பத்து நெழலும் இல்லை. "நாளெல்லாம் வராத மேகத்துக்கு இப்பத்தான் நேரம் கெடைச்சுதா?"ன்னு பாவாத்தாள் வானத்தைப் பாத்துத் திட்டினா.

மொதல்ல சாஞ்சது பஞ்சர் கடைக்காரரு வாயி வெச்ச சிப்பாய். ரேணு ரெண்டு விரல்ல, ஆடற பல்லை எடுக்கற பதத்துல அந்தச் சிப்பாயை எடுத்துப் பஞ்சுப் பெட்டிக்குள்ள வெச்சா. எல்லாரும் தரையைப் பாத்தோம். மேகமூட்டத்துல என்ன தெரியும்? அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே குண்டுக்குப் போனாங்க. மெம்பரு கொம்போட போனாரு, நெசமான மெம்பரு பக்கத்துல நின்னுட்டு கன்னத்தைத் தடவிக்கிட்டாரு. பாவாத்தாள் சிப்பாய் மட்டும் அரிவாளோட பாஞ்சு நீலக்கோட்டு பீரங்கியைப் புடிச்சுட்டுத்தான் உழுந்துச்சு, ஊரே விசிலடிச்சுது, அவ முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. ஆனா நீலக்கோட்டுக்காரன் தொகை ஜாஸ்தி. பொழுது போகப்போக இவ பக்கத்துல கூண்டு வண்டியை ஒட்டிக் கடைசி வரிசை ஒண்ணுதான் மிச்சம், நடுவுல கொடியோட நானு.

வரதராஜுலு சாரு டேப்பைக் கீழ வெச்சாரு. "டாக்டர், போதும். சமம்னு வெச்சுக்கலாம். மிச்சத்தைப் பத்திரமா எடுத்துட்டுப் போங்க."

"சரின்னு சொல்லுங்கம்மிணி! அந்த நெழலாச்சும் மிஞ்சட்டும்!"னு ஊரு மொத்தமும் கத்துச்சு. அவ அவங்களைப் பாக்கலை. என்னைப் பாத்தா.

"மாமா, நடுவுல நிக்கறது நீங்க. நீங்க சொல்லுங்க."

எண்ணெய் மில்லுக்காரனுக்குச் சண்டையைப் பத்தி என்னங்க தெரியும்? ஆனா அவ கேட்ட கேள்வி எனக்குப் புரிஞ்சுது. "நிக்கட்டும் ரேணு"ன்னேன்.

பயந்து ஓடறாங்களா நிக்கறாங்களான்னு பாக்கற பகடையை உருட்டினா. நின்னாங்க. நீலக்கோட்டு சுட்டுது. திரும்ப உருட்டினா. நின்னாங்க. ஒவ்வொருத்தராச் சாஞ்சாங்க, ஒவ்வொருத்தரையும் ரெண்டு விரல்ல எடுத்துப் பஞ்சுல படுக்கவெச்சா, கடைசியா என்னை எடுத்து வெச்சுட்டுப் பெட்டியை மூடினா. மேசைல அவ பக்கம் ஒரு உருவம் இல்லை. "தோத்துட்டேன் சார்"னா. "ஆனா என்ற படையில ஒருத்தரும் ஓடலை, பாத்தீங்கல்ல?" வரதராஜுலு சாரு எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு.

மேகம் கெழக்க நகந்துச்சு. மேக்கால வெய்யிலு சாய்ஞ்சு அடிச்சுது, ரோட்டுல, லைட்டுக் கம்பத்துல, எங்க மூஞ்சில. அந்த வெய்யில்ல, வெறும் மேசையைச் சுத்தி, பஞ்சர் கடைக்காரரு நெழலு நின்னுச்சு. அண்ணன் தம்பி நெழலு தோளோட தோளா நின்னுச்சு. கொம்பு நின்னுச்சு, அரிவாளு நின்னுச்சு, கூண்டு வண்டி நின்னுச்சு, அத்தனைக்கும் நடுவுல கொடி அசையாம நின்னுச்சு. மேசையைத் தூக்கி நகத்திப் பாத்தோம், நெழலு நகரலை. பெட்டியை ஊட்டுக்குக் கொண்டுபோயிட்டோம், நெழலு வரலை. அடுத்த நாள் வெடிஞ்சதும் மொறையா மேக்கால சாஞ்சு நின்னுச்சு, பொழுதோட மொறையாக் கெழக்கால திரும்புச்சு. பாவாத்தாள் அன்னைக்கு ரேணு தலையில வெச்ச பூவுல அவ தலையே தெரியலை, நானும் ஊருக்கு முன்னால அழுதுட்டேன், ஆரும் சிரிக்கலை.

பெங்களூருக்கு நானும் கூடப் போனேனுங்க, பெட்டியை நாந்தான் மடியில வெச்சிருந்தேன். பெரிய ஹாலு, ஒரு பக்கம் பூராவும் கண்ணாடி, காலை வெய்யிலு மேசைக்கு மேசை உழுகுது. ரோமாபுரிக்காரனுக்கு நெழலு இருக்குது, சப்பான்காரனுக்கு நெழலு இருக்குது, எங்க படை மட்டும் வெயில்ல பளிச்சுன்னு, பொட்டு நெழலில்லாம நிக்குது. கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனுசன் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு, "மேடம், உங்க ஆளுகளுக்கு மட்டும் நெழலே இல்லையே?"ன்னு கேட்டாரு.

இவ டேப்புல இருந்து தலையைத் தூக்கலை. "அது எங்கூர்ல டூட்டில இருக்குதுங்க"ன்னு சொல்லிப்போட்டு, பகடையை எடுத்து உருட்டினா.